2023-இல் விண்ணுக்குப் போனவை: நம் கரையிலிருந்து ஒரு கணக்கு

2023 ஏப்ரல் 22, சனிக்கிழமை. தமிழகத்தில் நோன்புப் பெருநாள். தொழுகையும் விருந்தும் முடிந்து வீடுகள் அசந்திருந்த நேரம், பிற்பகல் 2.19 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி55 ராக்கெட் சிங்கப்பூரின் இரண்டு செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு கிளம்பியது. நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. நான்கு மாதம் கழித்து ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தெரியாதவர் யாருமில்லை. தேநீர்க் கடையிலும் அதே பேச்சு, மக்தபிலும் அதே பேச்சு.

இந்த இரண்டு நாட்களுக்கு முன்னும் பின்னும் அந்த ஓராண்டில் உலகம் முழுவதிலும் 220-க்கும் மேற்பட்ட முறை ராக்கெட்டுகள் பூமியைச் சுற்றும் பாதையை நோக்கி ஏவப்பட்டன. 2013-இல் இந்த எண்ணிக்கை 80-ஐ ஒட்டித்தான் இருந்தது. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே தனியார் நிறுவனம் தன் ஃபால்கன் வகை ராக்கெட்டுகளை மட்டும் 96 முறை ஏவியது. சீனா 67 முறை ஏவியது. இந்தியா 7 முறை, ஏழும் வெற்றி.

அந்த ஆண்டின் முக்கியமான பயணங்களையும், அவற்றில் ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரைக்குச் சம்பந்தமானவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் பொது அறிவுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வானத்துக்குப் போகும் எல்லாமே சுற்றுவட்டப் பாதைக்குப் போவதில்லை. பூமியைச் சுற்ற வேண்டுமானால் உயரம் மட்டும் போதாது. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகமும் வேண்டும். அந்த வேகம் கிடைக்காதது எவ்வளவு உயரம் போனாலும் திரும்ப விழுந்துவிடும். 2021 பிப்ரவரி 7 அன்று பள்ளி மாணவர்கள் செய்த 100 குட்டிச் செயற்கைக்கோள்கள் ராமேஸ்வரத்திலிருந்து ஹீலியம் பலூன்களில் அனுப்பப்பட்டதைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் பெயரால் மாணவர் ராக்கெட் ஒன்றும் ஏவப்பட்டது. இரண்டும் நல்ல பயிற்சிகள். ஆனால் இரண்டும் சுற்றுவட்டப் பாதைக்குப் போனவை அல்ல. செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஜனவரியில் போட்ட பட்டியல்

ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் விண்வெளி நிறுவனங்கள் 'இந்த ஆண்டு இவையிவை போகும்' என்று ஒரு பட்டியல் தரும். டிசம்பரில் அதை எடுத்துப் பார்த்தால் பாதி நடந்திருக்கும், பாதி அடுத்த ஆண்டுக்குப் போயிருக்கும். 2023-உம் அப்படித்தான். போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் அந்த ஆண்டு விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்லும் என்றார்கள். 2024 ஜூனில்தான் போனது. ஐரோப்பாவின் புதிய ஏரியான்-6 ராக்கெட் 2024 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அமெரிக்காவின் வல்கன் 2024 ஜனவரிக்குப் போனது. 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லிப் பட்டியல் போடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

தள்ளிப்போவதற்குக் காரணங்கள் பல. இயந்திரக் கோளாறு ஒன்று. வானிலை இன்னொன்று: வியாழன் கோளின் நிலவுகளை ஆராயப் புறப்பட்ட ஐரோப்பாவின் 'ஜூஸ்' விண்கலம் ஏப்ரல் 13 அன்று மின்னல் அபாயத்தால் நிறுத்தப்பட்டு மறுநாள் கிளம்பியது. போய்ச் சேர வேண்டிய கோளோ நிலவோ சரியான இடத்தில் இருக்கும் நாட்களும் குறைவு. அந்த நாட்களைத் தவறவிட்டால் சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ராக்கெட்டின் எரிந்து முடிந்த பாகங்கள் கடலில் விழும் என்பதால் அந்தக் கடற்பகுதியும் காலியாக இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல் என்றால் பழவேற்காடு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்துவார்கள். தேதி மாறினால் அவர்களுக்கு இன்னொரு நாள் தொழிலும் போகும். இதையெல்லாம் தொலைக்காட்சி காட்டாது.

தோல்விகளும் அந்த ஆண்டு குறைவில்லை. மார்ச் 7 அன்று ஜப்பானின் புதிய எச்-3 ராக்கெட் இரண்டாம் கட்ட எஞ்சின் எரியாததால் நடுவானில் அழிக்கப்பட்டது. ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப் கிளம்பிய நான்கு நிமிடங்களில் சிதறியது. அதே மாதம் 25-ஆம் தேதி ஜப்பானியத் தனியார் நிறுவனத்தின் ஹகுட்டோ-ஆர் விண்கலம் நிலவில் மோதி நொறுங்கியது. அதற்குள்தான் ஐக்கிய அரபு அமீரகத்தின் 'ராஷித்' என்ற 10 கிலோ எடையுள்ள சிறு ஊர்தி இருந்தது. அரபு நாடு ஒன்று நிலவுக்கு அனுப்பிய முதல் ஊர்தி அது.

ஆகஸ்டில் ரஷ்யாவின் முறை. சோவியத் காலத்துக்குப் பின் நிலவுக்கு அவர்கள் அனுப்பிய முதல் கலம் லூனா-25. நம் சந்திரயான்-3 ஜூலை 14-ஆம் தேதியே கிளம்பிவிட்டது. லூனா ஆகஸ்ட் 11-இல்தான் கிளம்பியது. சக்தி வாய்ந்த ராக்கெட் என்பதால் நேராகப் போய் நமக்கு முன்பே 21-ஆம் தேதி இறங்கிவிடத் திட்டம். 19-ஆம் தேதி பாதையைத் தாழ்த்துவதற்காக 84 விநாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 விநாடி எரிந்தது. கலம் நிலவில் விழுந்தது. நாற்பத்து மூன்று விநாடி அதிகம். அத்தனை வருட உழைப்பும் அதில் முடிந்தது.

இந்தியாவின் ஏழு

பிப்ரவரி 10: எஸ்.எஸ்.எல்.வி.-டி2. இது இஸ்ரோவின் மிகச் சிறிய ராக்கெட். 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. 500 கிலோ வரை சுமந்து 500 கிலோமீட்டர் உயரத்தில் விடக்கூடியது. இதன் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7-இல் தோற்றிருந்தது. தோற்ற அந்த ராக்கெட்டில் அரசுப் பள்ளி மாணவியர் 750 பேர் நாடு முழுவதிலும் இருந்து பாகங்கள் செய்து, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைத்த 'ஆசாதிசாட்' இருந்தது. அது போய்விட்டது. சோர்ந்து உட்காராமல் இரண்டாவதைச் செய்தார்கள். ஆறு மாதத்தில் 'ஆசாதிசாட்-2' இந்த டி2-வில் ஏறிப் பாதையை அடைந்தது. அந்த ஆண்டின் ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் சந்திரயானை விட இதைத்தான் சொல்வேன்.

மார்ச் 26: எல்.வி.எம்.3 ராக்கெட் ஒன்வெப் நிறுவனத்தின் 36 இணையச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. மொத்த எடை 5,805 கிலோ. இது வணிக ஒப்பந்தம், இஸ்ரோவுக்கு வருமானம். ஏப்ரல் 22-இலும் ஜூலை 30-இலும் போன பி.எஸ்.எல்.வி.கள் இரண்டும் சிங்கப்பூருக்காக.

மே 29: ஜி.எஸ்.எல்.வி.-எஃப்12 ராக்கெட்டில் என்.வி.எஸ்.-01. 2,232 கிலோ எடையுள்ள வழிகாட்டிச் செயற்கைக்கோள். நம் கடற்கரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். கீழே தனியாகப் பார்ப்போம்.

ஜூலை 14: சந்திரயான்-3. 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2-இன் தரையிறங்கி நிலவில் மோதியதை எல்லோரும் பார்த்தோம். அதில் கற்ற பாடங்களோடு இது போனது. நம் ராக்கெட் நேராக நிலவுக்கு எறியும் அளவு வலுவானதல்ல. அதனால் பூமியைப் பலமுறை சுற்றி ஒவ்வொரு சுற்றிலும் தூரத்தைக் கூட்டி, நாற்பது நாள் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் முதலில் இறங்கிய நாடு இந்தியா. நிலவில் மெதுவாகக் கலத்தை இறக்கியவர்களில் நான்காவது நாடு. இறங்கிய இடத்தில் தரையின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் கொதிக்க, வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி இருப்பதை அதன் கருவி அளந்தது. தரையில் கந்தகம் இருப்பதும் உறுதியானது. ஊர்தியை ஓட்டிப் பழகுவதற்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அது நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறைகளிலிருந்து கிடைத்தது.

செப்டம்பர் 2: பி.எஸ்.எல்.வி.-சி57 ராக்கெட்டில் ஆதித்யா-எல்1. சூரியனைக் கவனிக்க இந்தியா அனுப்பிய முதல் விண்கலம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றி 2024 ஜனவரி 6 அன்று அது நிலைகொண்டது. சூரியன் பூமியிலிருந்து 15 கோடி கிலோமீட்டர். எனவே 'சூரியனுக்குப் போயிற்று' என்று சொல்வது சரியல்ல; நூறில் ஒரு பங்கு தூரம் போய் அங்கிருந்து பார்க்கிறது.

இவை ஏழு. அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் உயிர்காப்பு அமைப்பைச் சோதித்தார்கள். ஆபத்து வந்தால் வீரர்கள் இருக்கும் கூண்டை ராக்கெட்டிலிருந்து பிய்த்தெடுத்துக் கடலில் பத்திரமாக இறக்கும் ஏற்பாடு. வெற்றிதான், சுற்றுவட்டப் பாதைக்குப் போனதல்ல என்பதால் கணக்கில் வராது.

சந்திரயான் இறங்கிய வாரத்தில் பள்ளிவாசல் வாசலில் கேட்ட கேள்வி ஒன்று: 'நிலவிலேயே இறங்கியாயிற்று, இனிப் பிறைக்கு எதற்கு ஹஜ்ரத் சர்ச்சை?' நிலவு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது பல நூற்றாண்டுகளாகவே கணக்குக்கு வசப்பட்ட விஷயம். முஸ்லிம் வானியல் அறிஞர்களே அதற்கு அட்டவணை போட்டவர்கள். சர்ச்சை வானியலில் இல்லை. மாதத்தைத் தொடங்கக் கண்ணால் காண்பது நிபந்தனையா, எந்த ஊரின் காட்சி எந்த ஊருக்குச் செல்லும் என்ற ஃபிக்ஹில் இருக்கிறது. அதை ராக்கெட் தீர்க்காது. ஆலிம்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டியது.

பதினாறு ஸுப்ஹு, பதினாறு மஃரிப்

2023 மார்ச் 2 அன்று அமீரகத்தின் சுல்தான் அல் நெயாதி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஆறு மாதம் தங்கி செப்டம்பர் 4 அன்று திரும்பினார். ஏப்ரல் 28 அன்று நிலையத்துக்கு வெளியே வந்து வேலை பார்த்தார். விண்நடை செய்த முதல் அரபியர் அவர். மே 21 அன்று சவூதியின் ரய்யானா பர்னாவியும் அலி அல்கர்னியும் போனார்கள். புற்றுநோய் ஆய்வாளரான ரய்யானா விண்வெளிக்குப் போன முதல் சவூதிப் பெண். அந்த மாத இறுதியில் சில நாட்கள் மூன்று அரபியர் ஒரே நேரத்தில் நிலையத்தில் இருந்தார்கள்.

நெயாதி தங்கியிருந்த காலத்தில்தான் ரமலான் வந்தது. நிலையம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது; ஒரு நாளில் 16 முறை சூரியன் உதித்து மறையும். அப்படியானால் ஸஹர் எப்போது, இஃப்தார் எப்போது? கிளம்பும் முன்பே செய்தியாளர்கள் அவரிடம் கேட்டார்கள். நான் பயணி, பயணிக்கு நோன்பு கட்டாயமில்லை என்பதே அவருடைய பதிலின் சாரம். ஷரீஅத் தரும் சலுகை இது; விட்ட நோன்பை ஊர் திரும்பிக் களாச் செய்துகொள்ளலாம்.

கேள்வி புதிதல்ல. 1985 ஜூனில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்ணோடத்தில் போனது ரமலானின் இறுதி நாட்களில். 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகூர் போனபோதும் ரமலான். மலேசிய அரசு அப்போது ஆலிம்களையும் அறிவியலாளர்களையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. தொழுகை நேரத்துக்கு ஏவுதளம் இருக்கும் ஊரின் நேரத்தை எடுத்துக்கொள்வது. கிப்லாவுக்கு முடிந்தால் கஅபாவை நோக்குவது. முடியாவிட்டால் கஅபாவுக்கு நேர் மேலுள்ள திசை. அதுவும் முடியாவிட்டால் பூமி. அதுவும் இயலாதபோது இயன்ற திசை. நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளலாம். மிதந்துகொண்டே இருப்பவர் ருகூஉவும் ஸஜ்தாவும் செய்வதெப்படி என்பதற்கும் படிப்படியான சலுகைகள் அதில் உண்டு. நோயாளிக்கும் கப்பல் பயணிக்கும் நம் ஃபிக்ஹு நூல்கள் சொன்ன சட்டங்களைத்தான் விரித்திருக்கிறார்கள். மரக்கலம் ஓட்டி வாழ்ந்த கீழக்கரை, காயல்பட்டினம் முன்னோருக்கு ஆடும் கப்பலில் தொழும் சட்டம் அன்றாட விஷயம்.

படகுக்கு வந்து சேர்ந்தது என்ன?

இப்போது மே 29-இல் போன என்.வி.எஸ்.-01-க்கு வருவோம். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். போல நம் நாடு வைத்துள்ள வழிகாட்டி அமைப்பு 'நாவிக்'. இந்தியாவையும் அதன் எல்லையைத் தாண்டி 1,500 கிலோமீட்டர் வரையும் அது பார்க்கும். செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை நம் கருவிக்கு வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் நாம் இருக்கும் இடம் கணக்கிடப்படுகிறது. சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவது. எனவே கடிகாரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட இடம் 300 மீட்டர் தப்பாகிவிடும். முன்பு அனுப்பிய நாவிக் செயற்கைக்கோள்கள் வெளிநாட்டு அணுக்கடிகாரங்களை நம்பியிருந்தன. அவற்றில் பல பழுதாயின. என்.வி.எஸ்.-01-இல் தான் முதன்முறையாக உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் அணுக்கடிகாரம் போனது.

300 மீட்டர் என்பது நெடுஞ்சாலையில் போகிறவருக்குப் பெரிய விஷயமில்லை. பாக் நீரிணையில் அது பெரிய விஷயம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் வலை விட்டு நீரோட்டத்தில் இழுபடும் விசைப்படகுக்குக் கோடு எங்கே என்று காட்ட ஒரு கருவி வேண்டும். இதோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: கருவி இல்லாததால் மட்டுமே நம் மீனவர்கள் பிடிபடுகிறார்கள் என்பது உண்மையல்ல. மீன் எந்தப் பக்கம் இருக்கிறது, இழுவலை யார் இடத்தில் ஓடுகிறது, இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர்களின் பிழைப்பு என்ன ஆகிறது என்பவை செயற்கைக்கோளால் தீராத வழக்குகள்.

ஆனால் புயல் விஷயத்தில் செயற்கைக்கோளின் பயன் மறுக்க முடியாதது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு போயிற்று. நம் பெரியவர்கள் இன்றும் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். இன்று இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை வங்கக்கடலைப் படமெடுக்கின்றன. பாம்பனில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுக்குப் பின்னால் அந்தப் படங்கள் இருக்கின்றன. காற்றழுத்தம் உருவாகும்போதே படகுகளுக்கு அனுமதிச் சீட்டு நிறுத்தப்படுகிறது.

கரையில் இருப்பவருக்கு எச்சரிக்கை வந்துவிடும். ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டவருக்கு? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் காட்டிய கொடுமை இதுதான். கைபேசிக் கோபுரத்தின் எல்லை கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. குமரி மாவட்ட மீனவர்கள் செய்தி தெரியாமலே புயலுக்குள் இருந்தார்கள். அதற்குப் பிறகே செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளில் வேகம் பிறந்தது. இஸ்ரோ உருவாக்கிய, இருவழியாகவும் செய்தி போகக்கூடிய டிரான்ஸ்பாண்டர் கருவிகளை நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆபத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தகவல் போகும். கரையிலிருந்து புயல் செய்தியும் எல்லை எச்சரிக்கையும் படகுக்குப் போகும். 'இது எங்களைக் கண்காணிக்கவா, காப்பாற்றவா?' என்று சில மீனவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் ஒக்கியில் திரும்பாதவர்களின் வீடுகளை நினைத்தால், கருவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீன் எங்கே கூடும் என்பதையும் மேலிருந்து பார்க்கிறார்கள். கடல்நீரின் வெப்பமும் நிறமும் மாறும் இடத்தில் நுண்ணுயிர்ப் பாசி பெருகும், அதைத் தேடி மீன் வரும். 2022 நவம்பர் 26-இல் போன இ.ஓ.எஸ்.-06 செயற்கைக்கோள் அந்த நிறத்தைப் பார்க்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் இப்படிப்பட்ட தரவுகளைக் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைக் கணித்துத் தமிழிலும் தருகிறது. கட்டணம் இல்லை.

ஆனாலும் வானிலிருந்து பார்ப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதே 2023-இன் டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மிகக் கனமழை என்று எச்சரிக்கை இருந்தது. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நிலவில் இறங்கும் நொடியைக் கணித்த அதே ஆண்டில் ஓர் ஊரின் மேல் விழப்போகும் மழையைக் கணிக்க முடியவில்லை. நிலவுக்குப் போகும் பாதை சில விதிகளுக்குக் கட்டுப்பட்டது, மேகம் அப்படியல்ல.

ஏன் ராமேஸ்வரம் இல்லை, ஏன் குலசை?

கலாம் பிறந்த ஊரிலேயே ஏவுதளம் வைத்திருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வரைபடத்தை விரித்தால் பதில் தெரியும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கும். கழன்று விழும் பாகங்களுக்குக் கீழே கடலும் வேண்டும். ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே திறந்த வங்கக்கடல்.

பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறது. வளைவதற்கு எரிபொருள் செலவு. அந்த அளவு சுமை குறையும். பெரிய ராக்கெட் இதைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம்.

தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நீர்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. எனவேதான் சிறிய ராக்கெட்டுகளுக்கான இந்தியாவின் இரண்டாவது ஏவுதளம் 2,200-க்கும் மேற்பட்ட ஏக்கரில் அங்கே வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தெற்கே போனால் வந்துவிடும் ஊர். எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையமும் அங்கிருந்து தூரமில்லை. ஏவுதல் நாட்களில் மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு என்ன கட்டுப்பாடு வரும், தொழில் இழப்புக்கு என்ன ஈடு என்பதை ஊர்ப் பெரியவர்களும் மீனவர் சங்கங்களும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பழவேற்காட்டின் அனுபவம் கண்முன் இருக்கிறது.

போனவர்கள் எந்தப் பள்ளிகளிலிருந்து போனார்கள்?

கலாம் அவர்கள் 1931 அக்டோபர் 15 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தார். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல், பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முறை ஏவப்பட்டு 317 விநாடியில் வங்கக்கடலில் விழுந்தது. செய்தியாளர்கள் முன் பொறுப்பை ஏற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைப் பாதையில் நிறுத்தியது. அன்று பேச வேண்டியவர் கலாம்தான் என்று தவான் அவரை முன்னே அனுப்பினார்.

ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையின் விவசாயக் குடும்பத்துப் பெண். செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தார். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் முடித்து 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 'பெண் பிள்ளைக்கு எதற்குப் பொறியியல்?' என்ற கேள்வி இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது; ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு உரக்கக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பம் அதைப் பொருட்படுத்தவில்லை.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரம் ரயில்வே ஊழியரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. அதன்பின் பொறியியல், திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோ என்றாலே 'படிக்காத பிள்ளை' என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வரிசையை இன்னொரு முறை படிக்கலாம்.

நான் மதரஸாவில் ஓதிவிட்டு பி.ஏ. படித்தவன், ராக்கெட் கணிதம் எனக்கு வராது. ஜமாஅத் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் 'இஸ்ரோவில் சேர என்ன வழி?' என்று கேட்பதால் விசாரித்து வைத்ததை மட்டும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவின் 'யுவிகா' இளம் விஞ்ஞானி முகாம் இருக்கிறது; 2019-இல் தொடங்கியது. மே மாதம் ஏறத்தாழ இரண்டு வாரம், செலவு இஸ்ரோவுடையது. எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடி வினா ஆகியவற்றோடு கிராமப் பள்ளியில் படிப்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய சாதகம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர்கள் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு வழியாகத் திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. கல்லூரியில் சேரலாம், அதன் முதல் வேந்தர் கலாம் அவர்களே. பொறியியல் முடித்தவர்களுக்கு 'விஞ்ஞானி/பொறியாளர்' பணிக்கான தேர்வு, முதல் வகுப்பில் டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தொழில்நுட்ப உதவியாளர் பணி, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு டெக்னீஷியன் பணி என்று தனித்தனி அறிவிப்புகள் இஸ்ரோ இணையதளத்தில் வரும். எல்லாம் நேரடி விண்ணப்பம்தான்; இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். யுவிகா விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் திறக்கும். பள்ளியின் தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட சான்று தேவைப்படுவதால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே பள்ளியில் சொல்லி வையுங்கள்.